பெட்டிக்குள் கரையும் பணம்

பொருட்செல்வம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அதை ஈட்டும் வழி ஹலாலானதா என்று நுணுகி ஆராயும் நம் குடும்பங்கள், ஈட்டியதைக் காக்கும் வழியைப் பற்றி அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. செலவு போக எஞ்சியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலோ, வட்டியைத் தொடாமல் வங்கியில் போட்டு வைத்தாலோ பொருள் பத்திரமாக இருக்கிறது என்று மனநிறைவு கொள்கிறோம். செல்வத்தை நம் வாழ்வுக்கு ஆதாரமாக ஆக்கியிருப்பதாகக் கூறும் திருமறை, அதனை விவேகமற்றோர் கையில் ஒப்படைப்பதைத் தடுக்கின்றது (4:5). அவ்வாறாயின், நம் கையிலுள்ள செல்வம் நம் கண்ணெதிரே கரைவதை அறியாமல் இருப்பது விவேகமாகுமா?

விலைவாசி உயர்வு சேமிப்பை எவ்வாறு அரிக்கிறது, அதற்கு மாற்றாக இந்நாளில் இளைஞர் பலர் நாடும் 'கிரிப்டோ' எனும் மின்நாணயம் உண்மையில் மருந்தாகுமா, வட்டியை விலக்கி வாழும் முஸ்லிம் குடும்பம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

கணக்கு காட்டும் உண்மை

பணவீக்கம் என்பது பொருள்களின் விலை ஏறுவதும், பணத்தின் வாங்கும் ஆற்றல் இறங்குவதும் ஆகும். நோட்டின் மீது அச்சிட்ட எண் அப்படியே இருக்கும். அது வாங்கித் தரும் அரிசியும் எண்ணெயும் குறைந்துகொண்டே போகும். ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை உயர்வதாகக் கொள்வோம். இன்று பெட்டியில் வைத்த ஒரு லட்சம் ரூபாய், 12 ஆண்டுகள் சென்றபின், இன்று 50,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்களையே வாங்கும். விலையுயர்வு அறவே கூடாதென்று அரசும் கருதுவதில்லை. இந்திய ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் விதிக்கப்பட்டுள்ள இலக்கே 4 விழுக்காடுதான். அந்த இலக்கு பிசகாமல் நிறைவேறினாலும் 18 ஆண்டுகளில் சேமிப்பின் மதிப்பு பாதியாகிவிடும்.

வட்டி வாங்குவோர் இந்த இழப்பை ஓரளவு வட்டியால் ஈடுசெய்துகொள்கின்றனர். வட்டியை ஹராமென்று விலக்கியவருக்கு அந்த ஈடு இல்லை. நிஸாப் அளவுக்கு மேல் பணம் இருந்தால் அவர் ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு ஜகாத்தும் கொடுக்கிறார். ஜகாத் செல்வத்தைத் தூய்மைப்படுத்துவது. அதனை இழப்பென்று எண்ணுவது ஈமானுக்கு அழகன்று. ஆயினும், எவ்விதத் தொழிலிலும் ஈடுபடாமல் முடங்கிக் கிடக்கும் பணத்திலிருந்தே ஜகாத்தும் கொடுக்கப்பட்டு, விலையுயர்வும் அதனை அரித்தால், மேற்சொன்ன கணக்கின்படி எட்டே ஆண்டுகளில் அதன் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

முடங்கிய பணம் தேயும் என்பதைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். எத்தீம்களின் செல்வத்தை ஜகாத் தின்று தீர்த்துவிடாதபடி அதனை வாணிபத்தில் ஈடுபடுத்துமாறு அவர்கள் அறிவுறுத்தியதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' பதிவு செய்துள்ளது. வட்டியை விலக்கிய அதே மார்க்கம், பணத்தை முடக்கி வைக்காமல் உழைப்பில் ஈடுபடுத்தச் சொல்கிறது. நாமோ முதல் கட்டளையை ஏற்று, இரண்டாவதை மறந்துவிட்டோம்.

மஹரை அரிக்கும் கரையான்

பணவீக்கத்தின் கொடுமையை நம் பெண்மக்களின் மஹரில் மிகத் தெளிவாகக் காணலாம். 1990ஆம் ஆண்டில் ஒரு நிக்காஹ் நடைபெற்றதாக வைத்துக்கொள்வோம். மஹர் 5,000 ரூபாய். பின்னர் தருவதாக ஜமாஅத் தஃப்தரில் எழுதப்படுகிறது. அவ்வாண்டில் பத்துக் கிராம் தங்கத்தின் விலை ஏறத்தாழ 3,200 ரூபாய். ஆகவே அந்த மஹர் ஏறத்தாழ இரண்டு பவுனுக்குச் சமம். கணவர் பயணம் போகிறார், வீடு எழும்புகிறது, பிள்ளைகள் ஆளாகின்றனர். மஹர் மட்டும் மறதியில் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் பத்துக் கிராம் தங்கத்தின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அந்நாளில் அவர் கடமையை நிறைவேற்ற எண்ணி 5,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தால், மனைவியின் கைக்கு வருவது அரைக் கிராம் தங்கத்தின் விலைதான். இரண்டு பவுன் அரைக் கிராமாகிவிட்டது. ஆயினும் தஃப்தரில் உள்ள எண்ணுக்கும் கொடுக்கப்பட்ட எண்ணுக்கும் இம்மியும் வேறுபாடில்லை!

இதில் மார்க்க அறிஞர்களின் கருத்து என்ன? செம்பு நாணயமான ஃபுலூஸின் மதிப்பு ஏறி இறங்கினால், கடன் ஏற்பட்ட நாளின் மதிப்பையே கணக்கிட வேண்டும் என ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் கருதினார்கள். ஆனால் 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பணத்தில் ஏற்பட்ட கடனை அதே எண்ணிக்கையில் திருப்பித் தருவதே முறை என்றும், அதனை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்துக் கூட்டலாகாது என்றும் முடிவு செய்தது. வட்டி நுழையக்கூடிய வாசலை அடைப்பதே அதன் கருத்து. ஈரானிலோ, 1997இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, பணமாக எழுதப்பட்ட மஹரை விலைவாசிக் குறியீட்டின்படி உயர்த்திக் கணக்கிடுகின்றனர்.

இக்கருத்து வேறுபாட்டுக்குள் நம் பெண்கள் சிக்காமலிருக்க எளிய வழி ஒன்றுண்டு. நிக்காஹ் நாளிலேயே மஹரைத் தங்கத்தின் அல்லது வெள்ளியின் எடையாக எழுதிவிடலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியருக்கு அளித்த மஹர் 500 திர்ஹம் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் அந்த அளவை நம்மால் நிறுத்துப் பார்க்க முடிகிறது. ரூபாயில் எழுதியதற்கு அந்த நிலைபேறு ஏது? ஏற்கனவே ரூபாயில் எழுதிவிட்டு இன்றுவரை கொடுக்காதவர்கள், கடனைத் திருப்பிக் கொடுப்பதில் அழகாக நடப்பவரே உங்களுள் சிறந்தவர் என்ற கருத்துப்படப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை எண்ணிப் பார்க்கட்டும். கடனாளி தாமாக மனமுவந்து கூடுதலாகக் கொடுப்பதை மார்க்கம் பாராட்டுகிறது.

பணம் ஏன் தேய்கிறது?

விளைச்சல் பொய்த்தல், போர், எண்ணெய் விலையேற்றம் எனக் காரணங்கள் பல. ஆயினும் நெடுங்காலமாகத் தொடர்ந்து வரும் காரணம் ஒன்று: பொருள்களின் பெருக்கத்தைவிடப் பணத்தின் பெருக்கம் விரைந்து போவது. இதனை இக்காலப் பொருளியல் அறிஞர்கள் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே எடுத்துரைத்தவர் எகிப்திய வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி (1364-1442). கெய்ரோ நகரின் சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் பதவியை வகித்த அவர், அந்நாட்டை வாட்டிய பஞ்சத்தையும் விலையேற்றத்தையும் பற்றி 1405இல் ஒரு நூல் எழுதினார். பதவிகள் விலைக்கு விற்கப்பட்டதும், நிலக் குத்தகை உயர்ந்ததும், ஆட்சியாளர்கள் ஆதாயம் கருதிச் செம்புக் காசுகளை அளவின்றி வெளியிட்டதுமே துயரத்தின் வேர்கள் என்று அதில் அவர் காட்டினார். வெள்ளி திர்ஹம் மறைந்தது, செம்பு பெருகியது, விலைகள் ஏறின.

இன்றைய நாணயத்திற்குச் செம்பின் மதிப்புகூட இல்லை. 1971 ஆகஸ்டில் அமெரிக்க டாலருக்கும் தங்கத்திற்கும் இருந்த தொடர்பு அறுக்கப்பட்ட பின், உலக நாணயங்கள் அனைத்தும் அரசுகளின் வாக்குறுதியை மட்டுமே நம்பி நிற்கின்றன. அரசு கட்டுப்பாடோடு நடந்தால் தேய்மானம் மெதுவாக நிகழ்கிறது. கட்டுப்பாடு தளர்ந்தால் என்னவாகும் என்பதற்கும், அப்போது மக்கள் மின்நாணயத்தை நாடினால் என்னவாகும் என்பதற்கும் ஒருசேரச் சான்றாக நிற்கிறது துருக்கி.

துருக்கியில் நடந்தது

துருக்கி மக்களுக்குப் பணவீக்கம் புதிதன்று. 2001இல் அங்கே இரண்டு கோடி லிரா என்று அச்சிட்ட ஒரே நோட்டு வெளியாயிற்று. 2005 ஜனவரி முதல் நாளில் அரசு ஆறு பூஜ்யங்களை நீக்கியது. பத்து லட்சம் பழைய லிரா ஒரு புதிய லிராவாயிற்று. சில ஆண்டுகள் நிலைமை சீராக இருந்தது.

2021 செப்டம்பரில் 19 விழுக்காடாக இருந்த வட்டி விகிதத்தை மத்திய வங்கி படிப்படியாகக் குறைத்து, ஆண்டிறுதிக்குள் 14 விழுக்காடாக்கியது. வட்டியைப் பற்றிய மார்க்கக் கட்டளையையும் அதிபர் எர்துகான் இதற்குச் சான்றாகக் காட்டினார். ஆனால் வட்டி விகிதத்தைக் குறைப்பதும் வட்டியை ஒழிப்பதும் ஒன்றாகிவிடாது. வட்டி முறை அப்படியே நிலைத்திருக்க, கடன் மலிவானது, பணம் பெருகியது, லிரா சரிந்தது. 2020 டிசம்பரில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ ஏழரை லிரா கொடுத்தவர்கள், 2023 டிசம்பரில் 29 லிராவுக்கும் மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் அரசின் கணக்குப்படியே ஆண்டு விலையுயர்வு 85 விழுக்காட்டைக் கடந்தது. பின்னர் நோயைத் தணிக்க, 2024 மார்ச்சில் வட்டி விகிதத்தை 50 விழுக்காடு வரை உயர்த்த நேர்ந்தது.

துருக்கித் திருமணங்களில் மணமகளுக்குத் தங்க வளையலும் தங்கக் காசும் அணிவிக்கும் வழக்கமுண்டு. வீட்டில் காத்து வைக்கும் தங்கத்தைத் 'தலையணைக்கு அடியில் உள்ளது' என்றே அம்மக்கள் வழங்குவர். அத்தங்கம் வைத்திருந்த பாட்டிமார் பிழைத்தனர். லிராவில் சேமித்தோர் தவித்தனர். இளைஞர்களோ வேறொரு வாசலைத் தட்டினர்.

புதிய நாணயம், புதிய நம்பிக்கை

அந்த வாசல்தான் கிரிப்டோ நாணயம். அவற்றுள் மூத்தது பிட்காயின். சதோஷி நகமோடோ என்ற புனைபெயரில் 2008இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து அது பிறந்தது. 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. இதனைக் கையில் பிடிக்க முடியாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற கணக்கு, ஒரு வங்கியின் பேரேட்டில் இல்லாமல், உலகெங்கும் பரவிய கணினிகளில் ஒரே பொதுப் பேரேடாகப் பதியப்படுகிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காசுகளுக்கு மேல் உருவாக முடியாதபடி அதன் விதி அமைந்துள்ளது. எந்த அரசும் நினைத்தபடி அச்சிட முடியாது என்பதே அதன் பெருங்கவர்ச்சி. அல்மக்ரீஸி சுட்டிய நோய்க்கு இதுவே மருந்து என்று அதன் ஆதரவாளர் கூறினால் அதில் ஓரளவு நியாயமும் உண்டு.

ஆனால் அளவு குறைவாக இருப்பதால் மட்டும் ஒரு பொருளின் விலை நிலைத்து நிற்பதில்லை. அடுத்து வாங்க வருபவர் என்ன விலை கொடுப்பார் என்பதே பிட்காயினின் விலை. 2021 நவம்பரில் அது 69,000 டாலரை ஒட்டி நின்றது. ஓராண்டு கழித்து, 2022 நவம்பரில், 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. உச்ச விலையில் வாங்கிய துருக்கிக் குடும்பம் ஒன்று ஓராண்டில் விற்க நேர்ந்திருந்தால், லிராக் கணக்கிலேயே பாதிக்கு மேல் இழந்திருக்கும். அதே ஓராண்டில் அந்நாட்டின் விலைவாசியோ ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. பணவீக்கத்துக்கு அஞ்சி ஓடியவர், பணவீக்கம் பறித்ததைவிடக் கூடுதலாக இழந்திருப்பார்.

2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைக் கடந்ததும் உண்மையே. அதுவரை பொறுத்தவர் இலாபமடைந்தார். ஆனால் குடும்பப் பணத்துக்கு அந்தப் பொறுமை வாய்ப்பதில்லை. மகளின் நிக்காஹ், மகனின் கல்லூரிக் கட்டணம், தாயாரின் அறுவைச் சிகிச்சை இவையெல்லாம் சந்தை ஏறும்வரை காத்திருப்பதில்லை.

விலை இறங்குவது ஒருபுறமிருக்க, ஒப்படைத்த இடமே மறைந்துபோவதும் உண்டு. துருக்கியில் தோதெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை 2021 ஏப்ரலில் திடீரென மூடப்பட்டது. நிறுவனர் அல்பேனியாவுக்குத் தப்பியோடினார். அவர் பின்னர் பிடிபட்டு, 2023 செப்டம்பரில் அவருக்கு 11,196 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்தியாவிலும் 2024 ஜூலையில் ஒரு சந்தையிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட மின்நாணயங்கள் களவு போயின. எப்போதும் ஒரு டாலருக்குச் சமமாகவே இருக்கும் என்று சொல்லப்பட்ட டெர்ரா நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களிலேயே மதிப்பிழந்தது. டாலருக்கு இணையாக நிற்கும் பிற நாணயங்களை நாடுவோரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: 2022 ஜூனில் அமெரிக்காவிலேயே விலையுயர்வு 9.1 விழுக்காடாக இருந்தது.

உலமாக்கள் கூறுவது

இந்நாணயத்தைப் பற்றி மார்க்க அறிஞரிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. துருக்கியின் சமய விவகாரத் தலைமையகம் 2017 நவம்பரில் இதனை வாங்குவதும் விற்பதும் பொருத்தமன்று எனக் கூறியது. எகிப்தின் ஃபத்வா நிறுவனம் 2018 ஜனவரியில் கூடாதென்று தீர்ப்பளித்தது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் இதனை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ, 2020இல், பதிவு பெற்ற சந்தைகளில் இதனை வாங்கி விற்க இடமளித்தது. தடுத்தோர் முக்கியமாகக் காட்டுவது, வாங்குவது இன்னதென்ற தெளிவின்மையாகிய 'கரர்' என்பதையும், சூதாட்டத் தன்மையையும். அனுமதித்தோர், மக்கள் மதிப்புடையதாக ஏற்றுக் கைமாற்றிக்கொள்வதால் அதுவும் ஒரு சொத்தே என்கின்றனர். எனினும், மின்நாணயத்தைக் கடனாகக் கொடுத்து அதற்கெனக் குறித்த விழுக்காடு பெறும் திட்டங்கள் வட்டியின் வேறு உருவமே என்பதை எவரும் எளிதில் உணரலாம்.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2018இல் வங்கிகளுக்கு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியது. ஆயினும் இது இந்தியாவில் சட்டப்படி செல்லும் பணம் அன்று. 2022 ஏப்ரல் முதல் இதன் இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. ஒரு நாணயத்தில் ஏற்பட்ட நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் இயலாது.

நாம் செய்யத்தக்கவை

1. சில மாதச் செலவுக்கு வேண்டிய பணம் கையிலோ வங்கியிலோ இருக்கட்டும். அது தேய்ந்தாலும் பாதகமில்லை. அவசரத்துக்கு அதுவே துணை. அதற்கு மேற்பட்டது முடங்கலாகாது.

2. மஹரை எடையில் எழுதுவோம். இயன்றவரை உடனே கொடுப்போம். நீண்டகாலக் கடனையும் தங்கமாகவே கொடுத்து, அதே எடையைத் திரும்பப் பெறலாம். ஆனால் ரூபாயைக் கொடுத்துவிட்டுத் தங்கமாகக் கேட்கலாகாது.

3. தங்கம் வாங்குவோர் சேமிப்பையும் அலங்காரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நகையில் செய்கூலியும் சேதாரமும் வாங்கும்போதே போய்விடும். சேமிப்புக்குக் காசாக வாங்குவதே நன்று. தங்கமும் என்றும் ஏறிக்கொண்டே இருப்பதன்று. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் 850 டாலரைத் தொட்ட ஓர் அவுன்ஸ் தங்கம், அந்த விலையை மீண்டும் காண 2008 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே எல்லாவற்றையும் அதிலேயே குவிக்கவும் வேண்டாம்.

4. வாணிபத்தில் பங்கு கொள்வோம். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு அண்ணலார் (ஸல்) வாணிபம் செய்த வரலாற்றை நாம் அறிவோம். உறவினரின் கடை, விளைநிலம், வாடகைக் கட்டடம், ஷரீஅத் நெறிப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட பங்குகள் என வழிகள் பல உள்ளன. எதுவாயினும் இலாபமும் நட்டமும் இன்னவாறு என எழுத்தில் இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறை கட்டளையிடுகிறது (2:282). மாதந்தோறும் நிச்சய இலாபம் என்று தாடியும் தொப்பியும் அணிந்து வந்து சொன்னாலும் நம்பற்க. 'ஹலால் முதலீடு' என்று விளம்பரம் செய்த பெங்களூர் நிறுவனமொன்று 2019இல் சரிந்தபோது, பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்தன.

5. கிரிப்டோவில் ஈடுபட விரும்புவோர், முதலில் தாம் நம்பும் ஆலிமிடம் விளக்கம் பெறட்டும். கூடும் என்ற கருத்தை ஏற்றாலும், முற்றும் இழந்தால் குடும்பம் கலங்காத அளவே அதற்குரிய எல்லை. மனைவியின் மஹர், எத்தீமின் சொத்து, ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம், கடன் வாங்கிய பணம் இவற்றைத் தொடுவது அமானித மோசடியாகிவிடும்.

6. தனித்தனியே இயலாததைக் கூட்டாகச் செய்யலாம். வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடாமல், வீட்டில் ஒளித்து வைத்தும் கால்நடைகளை விற்றும் ஹஜ்ஜுக்குப் போன மலேசியக் கிராமத்து முஸ்லிம்களுக்காக, 1959இல் பேராசிரியர் உங்கு அப்துல் அஸீஸ் ஒரு திட்டம் வகுத்தார். அதன்படி 1963இல் தோன்றிய சேமிப்புக் கழகமே இன்று 'தாபுங் ஹாஜி' எனப் புகழ்பெற்றுள்ளது. சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் தொழில்களில் ஈடுபடுத்தப்பட்டு, இலாபம் பகிரப்படுகிறது. 2018இல் அதன் சொத்து மதிப்பு கடப்பாட்டுக்குக் கீழே இறங்கி, அரசு தலையிட்டுச் சீர்செய்ய நேர்ந்தது. நல்ல நோக்கத்தோடு நல்ல கணக்கும் வேண்டும் என்பதே அதன் பாடம். நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் சட்டத்துக்கு உட்பட்டு, தணிக்கை செய்யப்பட்ட கணக்கோடு, சிறிய அளவிலேனும் இத்தகைய முயற்சியில் இறங்க வேண்டும்.

சகோதர சகோதரிகளே! மறுமையில், செல்வத்தை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்ற கேள்விக்கு விடையளிக்காமல் அடியானின் கால்கள் நகரா என்பது நபிமொழியின் கருத்து. அச்சத்தால் பணத்தை முடக்கி வைத்துக் கரைய விடுவதும், ஆசையால் புரியாத சந்தையில் கொட்டுவதும் அக்கேள்விக்குத் தக்க விடையாக மாட்டா. இம்மாதமே உங்கள் நிக்காஹ் தஃப்தரை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதிய மஹர் கொடுக்கப்படாமல் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஹலாலான செல்வத்தையும் அதைக் காக்கும் விவேகத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.